பழைய குழிக்குக் கீழே

ராஜஸ்தானின் ராஜ்சமந்த் மாவட்டத்தில் தரிபா என்றோர் ஊர். அங்கே வெள்ளிக்காகப் பூமியைக் குடைந்தவர்கள் 263 மீட்டர் ஆழம் வரை போயிருக்கிறார்கள். நம் ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கத்துப் போர்வெல் கணக்கில் ஏறத்தாழ 860 அடி. வேலை நடந்தது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால். வெடிமருந்து கிடையாது, பம்பு கிடையாது, மேலிருந்து காற்றை அடித்து இறக்கும் விசிறி கிடையாது. இரும்பு உளி, சுத்தி, விறகு, எண்ணெய் விளக்கு, கூடை, இவ்வளவுதான். பழைய உலகத்தில் இந்த ஆழத்துக்கு இறங்கிய சுரங்கங்கள் மிக அபூர்வம்.

பாறையைத் தீயால்தான் உடைத்தார்கள். வெட்ட வேண்டிய முகப்பில் விறகை அடுக்கிக் கொளுத்திவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். சூட்டில் பாறை விரியும். ஒரே பாறைக்குள் இருக்கும் வெவ்வேறு கனிமங்கள் வெவ்வேறு அளவில் விரிவதால் முகப்பு முழுக்க வெடிப்பு விழும். புகை அடங்கியபின் உளியால் நெம்பினால் பாளம் பாளமாகக் கழன்று வரும். இப்படி வெட்டிய சுவரை இன்றும் அடையாளம் சொல்லலாம். வெடிவைத்த சுவர் முனை முனையாக, சொரசொரப்பாக இருக்கும். தீவைத்த சுவர் வழவழப்பாக, குடத்தின் உட்புறம் போல வளைந்திருக்கும். சில இடங்களில் கரியும் ஒட்டியிருக்கும். உதய்ப்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவர் சுரங்கங்களில் அக்காலத்து மரச்சாமான்களே அழியாமல் கிடைத்திருக்கின்றன. அந்த மரத்தைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் அங்கேயும் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் என்ற கணக்கு வந்தது.

பழைய சுரங்கம் ஒன்று மீண்டும் திறக்கப்படப் போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் ஊரில் இரண்டு பேச்சு எழும். உள்ளே புதையல் கிடக்கிறது என்பது ஒன்று. முன்னோர் சுரண்டி முடித்த இடத்தில் இனி என்ன இருக்கப்போகிறது என்பது மற்றொன்று. என் கணிப்பில் இரண்டுமே ஒரு முக்கியமான கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன: வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் ஏன் நிறுத்தினார்கள்? நவீன ஆய்வுமுறைகள் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அவை முதலில் விடை தேட வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.

விடை ஒன்றாக இருப்பதில்லை. பெரும்பாலும் நீர்தான் முதல் எதிரி. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் இரவும் பகலும் இறைக்க வேண்டும். இறைப்பதை ஒரு மழைக்காலம் நிறுத்தினால் குழி நிரம்பிவிடும். அடுத்தது காற்று. ஆழத்தில் தீ மூட்டினால் புகை வெளியேற வழி வேண்டும். சுற்றியிருந்த காட்டில் விறகு தீர்ந்திருக்கலாம். அரசு மாறியிருக்கலாம், போர் வந்திருக்கலாம். இவை எதிலும் தாது தீர்ந்துபோகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருவியோ விறகோ காவலோதான் தீர்ந்திருக்கிறது.

இன்னொரு காரணம் உண்டு. அது பாறையின் வேதியியலுக்குள் இருக்கிறது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வெள்ளி பெரும்பாலும் தனியாகக் கிடைப்பதில்லை. காரீயத்தின் முக்கியத் தாதுவான கலீனாவுக்குள் ஒளிந்திருக்கும். கலீனா என்பது காரீயமும் கந்தகமும் சேர்ந்த, சாம்பல் நிறத்தில் பளபளக்கும், கையில் எடுத்தால் எடை திடுக்கிட வைக்கும் கனிமம். அதே பாறையில் துத்தநாகத் தாதுவும் இரும்புச் சல்பைடும் கலந்திருக்கும். இப்படிப்பட்ட பாறை தரைமட்டத்துக்கு வரும் இடத்தில், மழைநீரும் காற்றும் பட்டுச் சல்பைடுகள் சிதைகின்றன. இரும்பு துருப்பிடித்துச் செம்பழுப்பாக மேலே தங்கிவிடுகிறது. இந்த இரும்புத் தொப்பியைக் கோசன் என்பார்கள். துத்தநாகம் நீரில் எளிதில் கரைந்து ஓடிவிடும். காரீயம் அவ்வளவாக நகராது. வெள்ளி கொஞ்சம் கரைந்து கீழே இறங்கி, நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியில் மறுபடி படியும். அதனால் மேற்புறத்துச் சில பத்து மீட்டர்களில் வெள்ளியின் அடர்த்தி, ஆழத்துப் பாறையில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடியிருக்கக்கூடும். பழங்காலத்தார் கண்டெடுத்தது இந்தச் செழித்த பகுதியை. அதைக் கடந்து ஆழத்தில் இறங்கியதும், கெட்டியான சல்பைடுப் பாறை எதிர்ப்படுகிறது. வெள்ளி குறைகிறது, துத்தநாகம் கூடுகிறது.

துத்தநாகம் அவர்களுக்குப் பெரிய தொல்லை. அது 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்க அதற்கும் மேல் சூடு வேண்டும். திறந்த உலையில் இட்டால் உலோகம் பிறந்தவுடனே புகையாகப் போய்விடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைக்கும் வித்தையை ஜாவரில் கிட்டத்தட்ட 14ஆம் நூற்றாண்டில் தொழில் அளவில் செய்து காட்டினார்கள். கத்தரிக்காய் வடிவத்தில் மண்ணால் செய்த மூசைகளை, ஓர் உலைக்கு 36 வீதம் தலைகீழாக நிறுத்தி, ஆவியைக் கீழ்நோக்கி வடித்தார்கள். பரோடா பல்கலைக்கழகத்தின் கே.டி.எம். ஹெக்டே, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பால் கிராடக், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் எல்.கே. குர்ஜர் முதலியோர் 1980களில் அந்த உலைகளை அகழ்ந்து வெளிக்கொண்டுவந்தார்கள். 1988இல் அமெரிக்க உலோகவியல் சங்கம் ஜாவரை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் தரிபாவில் உளி பிடித்தவர்கள் காலத்தில் அந்த வித்தை இல்லை. துத்தநாகம் மிகுந்த பாறையை அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள்.

பில்வாரா மாவட்டத்து ராம்புரா ஆகுச்சா இதற்குச் சரியான சான்று. மௌரியர் காலத்தை ஒட்டி அங்கே காரீயத்துக்கும் வெள்ளிக்கும் வெட்டியிருக்கிறார்கள். குழிகளும் கசடுக் குவியல்களும் உடைந்த மண்பாத்திரங்களும் கண்ணெதிரே கிடந்தும், அதன் அடியில் இருப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை. 1977இல்தான் ராஜஸ்தான் மாநிலச் சுரங்கத் துறையின் புவியியலாளர்கள் அந்த இடத்தைத் தாது உள்ள இடமாகக் கண்டார்கள். 1991இல் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று உலகின் மிகப்பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் அது ஒன்று. மௌரியர் வேண்டாம் என்று ஒதுக்கியதே அங்கே செல்வமானது.

பழைய குழியே தாதுவுக்கு அடையாளம் என்ற அறிவு நமக்குப் புதியதும் இல்லை. அர்த்தசாஸ்திரத்தில் சுரங்கக் கண்காணிப்பாளனுடைய கடமைகளைச் சொல்லும் அத்தியாயம் ஒன்று உண்டு. கசடு, மூசை, கரி, சாம்பல் ஆகியவை கிடக்கிற இடத்தைப் பார்த்தால் அது முன்பு வேலை நடந்த சுரங்கம் என்று அறிந்து அதைச் சோதிக்க வேண்டும் என்று அந்த நூல் அவனுக்குச் சொல்கிறது. பழைய சுரங்கத்தை மீட்பது ஓர் அரசுத்துறையின் வேலை என்று அன்றே எழுதி வைத்துவிட்டார்கள். கிரேக்கத்தின் லாவ்ரியோனில் இது வேறு விதமாக நடந்தது. ஏதென்ஸின் கடற்படைக்குக் காசு கொடுத்த அந்த வெள்ளிச் சுரங்கத்தின் பழைய கசடுகளையே 1860களில் மறுபடி உருக்கிக் காரீயமும் வெள்ளியும் எடுத்தார்கள்.

சரி, கசடைப் பார்த்தாயிற்று, குழியைப் பார்த்தாயிற்று. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சித்தூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. போர் போடுவதற்கு முன்னால் ஜியாலஜிஸ்ட் வந்து, வயலில் நாலு இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, ஒயர் இழுத்து, பெட்டியில் உள்ள முள்ளைப் பார்த்து எழுதிக்கொள்வதை இங்கே பார்க்காதவர் யார்? வெளியில் உள்ள இரண்டு கம்பிகள் வழியாக மின்சாரத்தை நிலத்துக்குள் செலுத்துகிறார். உள்ளே உள்ள இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார். நீர் நிறைந்த பாறை மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தும். காய்ந்த கருங்கல் தடுக்கும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் மின்சாரம் மேலும் மேலும் ஆழத்துக்குப் போய் வரும். பிரான்சின் கான்ராட் ஷ்லும்பெர்ஜர் 1912இல் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்த முறை இது. அவர் அதை முதலில் பயன்படுத்தியது தாது தேடுவதற்குத்தான்.

தாதுவுக்கு அதே கம்பிகள், ஆனால் கேள்வி வேறு. மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டு, மின்னழுத்தம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சாதாரணப் பாறையில் அது உடனே பூஜ்யமாகிவிடும். சல்பைடு மணிகள் சிதறிக் கிடக்கும் பாறையில் ஒவ்வொரு மணியின் மேற்பரப்பிலும் மின்னேற்றம் கொஞ்சம் தேங்கியிருக்கும். அது வடிய மில்லிசெகண்டுகள், சில சமயம் ஒரு செகண்டு கூட ஆகும். அந்தத் தாமதத்தை அளப்பதுதான் தூண்டு முனைவாக்க முறை. ஆய்வாளர்கள் ஐ.பி. சர்வே என்பார்கள்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் இதே தாமதத்தைக் காட்டும். தரிபா பகுதியிலோ கிராஃபைட் கலந்த பாறை நிறைய. ஐ.பி. கருவி ‘இங்கே’ என்று அடித்துச் சொன்ன இடத்தில் துளை போட்டால் வெறும் கரிப்பாறை வரக்கூடும். அதனால் ஒரு முறையை மட்டும் நம்பமாட்டார்கள். பக்கத்துப் பாறை தண்ணீரைப்போல 2.7 மடங்கு கனம் என்றால் கலீனா 7.5 மடங்கு. அது திரண்டு கிடக்கும் இடத்தில் புவியீர்ப்பு மிகச் சிறிதளவு கூடும். அதை அளக்கும் கருவி உண்டு. இரும்புச் சல்பைடுகளில் பிரோடைட் காந்தத் தன்மை கொண்டது. அதை விமானத்திலிருந்தே காந்தமானி பிடித்துவிடும். மண்ணை அள்ளிப் பரிசோதித்தால் நகராத காரீயம் ஒரு கோடாகக் காட்டிக்கொடுக்கும். கனத்துக்கும் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் மண்ணுக்கும் ஒரே இடத்தில் ஒரே பதில் வந்தால் அங்கே துளையிடலாம்.

இந்திய அளவில் இந்தத் தகவல்களைச் சேர்க்கும் வேலை இப்போதுதான் முழுவீச்சில் நடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பிரித்து மண்ணையும் ஓடைப்படிவையும் பரிசோதிக்கிறது. 2017இலிருந்து விமானத்தில் காந்தமானிகளை வைத்து நெருக்கமான கோடுகளில் பறந்து அளக்கிறார்கள். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியத்தில் இந்த வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அரசு அலமாரியில் தூங்கிய பழைய அறிக்கை ஒன்று, புதிய காந்த வரைபடத்தின் பக்கத்தில் வைக்கப்படும்போது மறுபடி உயிர் பெறுகிறது.

அடுத்தது துளையிடல். போர்வெல் லாரி பாறையைப் பொடியாக்கி ஊதித் தள்ளும். தாது தேடுகிறவர்களுக்குப் பொடி போதாது. வைரத் துகள் பதித்த வளைய வடிவப் பல், பாறையைச் சுற்றிலும் அறுத்துக்கொண்டு இறங்கும். நடுவில் நிற்கும் பாறைத் தண்டு குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். சாதாரணமாக 47.6 மில்லிமீட்டர் குறுக்களவு. அதுதான் கோர். மீட்டர் மீட்டராக நீண்ட தட்டுகளில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஆழத்தை எழுதிவைப்பார்கள். அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பாதுகாப்பார்கள். பாறை எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே முறிந்து நகர்ந்திருக்கிறது, தாதுப் பட்டை எந்தத் திசையில் சரிந்து இறங்குகிறது என்பதெல்லாம் அந்தத் தண்டில் எழுதியிருக்கும். பழங்காலத் தொழிலாளி தாதுப் பட்டையை அது போகிற போக்கில் பின்தொடர்ந்தான். ஒரு முறிவில் பட்டை காணாமல் போனால் அங்கேயே நின்றான். அது முப்பது மீட்டர் தள்ளி மறுபடி தொடர்வதை அறிய அவனுக்கு வழியில்லை. இன்று துளைக்குள் மின்காந்தக் கருவியை இறக்கி, துளையைச் சுற்றிப் பல பத்து மீட்டர் தொலைவில் கிடக்கும் தாதுவையும் கண்டறியலாம்.

பழைய சுரங்கத்தின் மேல் துளையிடும்போது வேறொரு கவலையும் உண்டு. கெட்டியாக இறங்கிக்கொண்டிருந்த குழாய் திடீரென்று வெற்றிடத்தில் விழும். சுழற்சி நீர் மேலே வராமல் நின்றுபோகும். வரைபடத்தில் இல்லாத பழைய குடைவு ஒன்று கீழே இருக்கிறது என்று அர்த்தம். நீர் நிறைந்த அத்தகைய குடைவைத் தெரியாமல் நவீன சுரங்கம் உடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் உயிர் போகும். பழைய வேலையை அளந்து படமாக்குவதைத் தொல்லியலுக்குச் செய்யும் மரியாதை என்று மட்டும் எண்ணக் கூடாது. கீழே இறங்குகிறவர்களின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது.

தரிபாப் பட்டையில் இந்த முறைகளெல்லாம் கூடிக் கொடுத்த பலன் சிந்தேசர் குர்து சுரங்கம். அங்கே தாதுவின் பெரும்பகுதி மேற்பரப்பில் தலைகாட்டாமல் ஆழத்தில் கிடந்தது. பழங்காலத்தாருக்கு அது எட்டவே இல்லை. அண்டையில் தெரிந்த தாதுப் பட்டையின் சாய்வை வைத்துக் கணக்கிட்டு, துளைகள் போட்டுக் கண்டுபிடித்தார்கள். 2006இல் உற்பத்தி தொடங்கியது. இன்று உலகின் பெரிய வெள்ளிச் சுரங்கங்களின் வரிசையில் அதன் பெயர் இருக்கிறது. ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் 2023–24 நிதியாண்டில் மொத்தம் 746 டன் வெள்ளி எடுத்தது. இந்தியாவில் தோண்டியெடுக்கப்படும் வெள்ளி ஏறத்தாழ முழுவதும் அதனுடையதே. அப்படியும் நம் கொலுசுக்கும் குத்துவிளக்குக்கும், இப்போது சூரிய மின்தகடுகளுக்கும், ஆண்டுக்குப் பல ஆயிரம் டன்னை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

கோர் ஆய்வகத்துக்குப் போனபின் நடப்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. பாறையை மாவாக அரைத்து, 30 அல்லது 50 கிராம் எடுத்து, காரீய ஆக்சைடும் சோடாவும் வெண்காரமும் சேர்த்து மூசையில் இட்டு 1,000 டிகிரிக்கு மேல் உருக்குவார்கள். காரீய ஆக்சைடு உலோகக் காரீயமாக மாறி மழைபோல உருகலுக்குள் இறங்கும். இறங்கும் வழியில் தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் ஒரு பொத்தானாகத் திரளும். அந்தப் பொத்தானை எலும்புச் சாம்பலால் அல்லது மக்னீசியாவால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து, காற்றோட்டமுள்ள சூளைக்குள் தள்ளுவார்கள். காரீயம் மறுபடி ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள்ளேயே ஊறிப் போய்விடும். கடைசிப் படலம் நீங்கும் கணத்தில் மணி ‘பளிச்’சென்று ஒருமுறை மின்னும். மிஞ்சுவது குண்டூசித் தலையைவிடச் சிறிய தங்க–வெள்ளி மணி. டன்னுக்கு 5 கிராம் தங்கம் உள்ள பாறையில் 50 கிராம் எடுத்தால் அதில் கால் மில்லிகிராம் தங்கம் இருக்கும். அதை எடை போட்டுச் சொல்கிறார்கள். தரிபாவிலும் லாவ்ரியோனிலும் வெள்ளி பிரித்தவர்கள் செய்ததும் இதே காரியம்தான். பெரிய அடுப்பில், டன் கணக்கில் செய்தார்கள். செயற்கைக்கோள், விமானம், கணினி எல்லாம் முடிந்தபின் கடைசித் தீர்ப்பை அந்தப் பழைய புடம்தான் சொல்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

சித்தூர் மாவட்டத்தின் இரண்டு ஓரங்களில் இரண்டு வெவ்வேறு காலத்துப் பாறைகள் நிற்கின்றன. கிழக்கே விஜயபுரம், நகரி வட்டாரத்தில் நிற்கும் மலைகள், பழங்காலக் கடலோரத்து மணல் இறுகி உண்டானவை. ‘நகரி குவார்ட்சைட்’ என்று அந்தப் பாறைக்கு இந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். கடப்பைப் படுகையின் தென்கோடி அது. அதே படுகையின் உள்ளே, கடப்பை மாவட்டத்து ஜங்கம்ராஜுபள்ளியில், காரீயத்துக்கு வெட்டிய பழைய குழிகள் உள்ளன. மேற்கு ஓரத்தில் கதையே வேறு. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்கள் குப்பம் தாண்டியதும் குடுபள்ளி, பிசாநத்தம் என்று சிறு நிலையங்களைக் கடப்பார்கள். அந்தத் தண்டவாளம் குறுக்கே வெட்டிப் போவது கோலார் தங்கப் பட்டையை. வடக்குத் தெற்காக 80 கிலோமீட்டர் நீளமும் நான்கைந்து கிலோமீட்டர் அகலமும் கொண்ட, சுமார் 270 கோடி ஆண்டு வயதான கரும்பாறைப் பட்டை. கர்நாடகத்தில் தொடங்கி, ஆந்திரத்தின் இந்த மூலையைக் கடந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் நுழைகிறது.

கோலாரின் கதையும் பழைய குழியிலிருந்துதான் புறப்பட்டது. 1802இல் ஆங்கிலேய அதிகாரி ஜான் வாரன், உள்ளூர்க்காரர்கள் மண்ணையும் கல்லையும் இடித்து அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். 1880இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனி முதல் சில ஆண்டுகளில் பணத்தைக் கொட்டியும் ஒன்றும் கிடைக்காமல் மூடும் நிலைக்கு வந்தது. பிறகு கேப்டன் பிளம்மர் பழங்கால வேலை நடந்த இடத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தார். சாம்பியன் ரீஃப் என்ற தங்கத் தாதுப் பட்டை கிடைத்தது. அந்த ரீஃபைப் பின்தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை 800 டன்னுக்கு மேல் தங்கம் வந்தது. அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அன்றைய வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போனவர்கள். சித்தூரும் 1911இல் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது. அந்தத் தங்கத்துக்கு அவர்கள் கொடுத்த விலையில் பாறைவெடிப்பில் போன உயிர்களும் உண்டு, சிலிகோசிஸ் அரித்த நுரையீரல்களும் உண்டு.

அதே பட்டையின் தெற்கில், குடுபள்ளி மண்டலத்தில், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்திய சிகரகுண்டா சுரங்கமும் கோலாரோடு சேர்ந்தே நின்றுபோனது. 2018இல் சிகரகுண்டா–பிசாநத்தம் தொகுதியை ஆந்திர அரசு ஏலம் விட்டது. பொதுத்துறை நிறுவனமான என்.எம்.டி.சி. அதைப் பெற்றது. பரப்பு 263 ஹெக்டேர். மதிப்பீடு 18.3 லட்சம் டன் தாது, டன்னுக்குச் சராசரியாக 5.15 கிராம் தங்கம். பெருக்கினால் ஒன்பது டன் சொச்சம் தங்கம் வரும். பாறையிலிருக்கும் தங்கம் முழுவதும் கைக்கு வராது என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இங்கே அந்த முதல் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். சிகரகுண்டா ஏன் நின்றது? பழங்காலச் சுரங்கங்களைப் போல நீரோ காற்றோ அதை நிறுத்தவில்லை. 2001இல் ஓர் அவுன்ஸ் தங்கம் சுமார் 270 டாலர். அந்த விலையில், நஷ்டத்தில் மூழ்கிய தாய் நிறுவனத்தோடு சேர்ந்து இதுவும் மூழ்கியது. 2025இல் விலை 3,000 டாலரைத் தாண்டியது. பாறை மாறவில்லை. அதைத் தாது என்று சொல்லவைக்கும் எல்லைக்கோடுதான் கீழே இறங்கிவிட்டது. டன்னுக்கு இரண்டு கிராம் உள்ள பாறையை அன்று ஒதுக்கித் தள்ளியிருப்பார்கள். இன்று அது கணக்கில் சேரும். அப்படியானால் இங்கே நவீன ஆய்வு செய்ய வேண்டியது புதிய தங்கத்தைத் தேடுவது மட்டும் அல்ல. பழைய கோர்களையும் சுரங்க வரைபடங்களையும் எடுத்து, முன்பு ‘பயனில்லை’ என்று குறித்த பகுதிகளை மறுபடி அளப்பது அதற்கு முன்னால் வரும். சிகரகுண்டாவில் தங்கம் பெரும்பாலும் சல்பைடுகளோடு சேர்ந்து கிடக்கிறது. அந்த விதத்தில் ஐ.பி. முறைக்குப் பொருத்தமான இடம். தெரிந்த பட்டைகள் ஆழத்திலும் பக்கவாட்டிலும் எவ்வளவு தூரம் தொடர்கின்றன என்பதைத் துளைகள்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தங்கம் வெளியே வருவதை நான் விரும்புகிறேன். குப்பத்திலிருந்து தினமும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் இரவு திரும்பும் இளைஞர்களுக்குச் சொந்த மண்டலத்தில் வேலை கிடைத்தால் அது பெரிய காரியம். ஆனால் கோலாரில் மலைமலையாகக் குவிந்து, காற்றடித்தால் ஊர்மேல் தூசியாகப் பறக்கும் சயனைடு மண்ணையும் நான் மறக்கவில்லை. கோடிக்கணக்கான டன். அரைத்த மண்ணை எங்கே கொட்டுவது, அதை எப்படி மூடுவது என்பதைத் தங்கத்தின் அளவைக் கணக்கிடும் அதே அறிக்கையில், அதே கவனத்தோடு எழுத வேண்டும்.

அதைவிட அவசரமானது நீர். மூடிய சுரங்கத்தில் இருபது ஆண்டுக்கும் மேலாகத் தண்ணீர் நின்றிருக்கும். திறக்க வேண்டுமானால் அதை இறைக்க வேண்டும்; வேலை நடக்கும் காலமெல்லாம் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்தூரின் கருங்கல் நாட்டில் நிலத்தடி நீர் பாறை வெடிப்புகள் வழியாகவே ஓடுகிறது. சுரங்கம் இறைக்கும்போது எந்தத் திசையில் உள்ள கிணறு வற்றும் என்பதை அந்த வெடிப்புகள்தான் தீர்மானிக்கும். தங்கத்துக்காகப் போடும் ஒவ்வொரு துளையும் அந்த வெடிப்புகளையும் காட்டித்தான் மேலே வருகிறது. அவற்றையும் பதிவு செய்தால் நீரோட்ட வரைபடம் தனிச் செலவு அதிகமில்லாமல் கிடைத்துவிடும். முதல் பம்பு ஓடுவதற்கு முன்பே, சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று நீர்மட்டத்தை அளந்து, ஆர்செனிக்குக்கும் சயனைடுக்கும் தண்ணீரைச் சோதித்து, முடிவுகளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தெலுங்கிலும் தமிழிலும் ஒட்டிவைக்க வேண்டும். பம்பு ஓடத் தொடங்கிவிட்டால் பழைய மட்டத்தை அளக்க யாராலும் முடியாது.